அடி இல்லாத பெட்டி

ஸ்ரான்லி வீதி ரைல்ஸ் கடைக்குப் பின்னால்
மழையில் ஊறி வெயிலில் காய்ந்து கிடந்தது பலகை.
"சும்மா கொண்டு போங்கோ அக்கா, ஆணி கவனம்"
என்றான் கடைப் பெடியன்.
ஆணி பதினொன்று. பிடுங்கிப் பிடுங்கி எண்ணினேன்.
எண்ணிப் பதிவதுதான் என் உத்தியோகம்.

சுப்பர் மாக்கற்றில் அளவு நாடாவோடு நின்றேன்.
ரிஷ்யூப் பெட்டி:
நீளம் இருபத்துமூன்று, அகலம் பதினொன்றரை, உயரம் எட்டு.
காவலாளி வந்து பார்த்தார்.
"மிஸ், அது விக்கிற சாமான்."
"தெரியும். அதுக்கொரு சட்டை தைக்கப் போறன்."
அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா குடிபுகுகிறாள்,
கொழும்புத்துறையில், புது வீடு.
கந்தோரில் காசு சேர்த்துச் சுவர் மணிக்கூடு வாங்குகிறார்கள்.
என் பெயருக்கு நேரே ஐந்நூறு ரூபா.
அந்த மணிக்கூட்டில் என் பங்கு
ஒரு மூன்று நிமிடம் வரும்.
போதாது.

மாசி மாதம், ஓர் உறுதியில்
இரண்டு பரப்பை மூன்று பரப்பு என்று பதிந்தவள் நான்.
சரிபார்த்தேன் என்று கீழே ஒப்பமிட்டவள் அவள்.
விசாரணைக்கு வந்தவர் கையொப்பத்தைப் பார்த்தார்,
கையெழுத்தைப் பார்க்கவில்லை.
நானும் காட்டவில்லை.
அன்று மத்தியானம் கழுவறைக்குள்
குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.
தண்ணீர் விழும் சத்தம் வேறு, அது வேறு;
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் தெரியும்.
என் கைப்பையில் ஒரு பக்கற் ரிஷ்யூ இருந்தது.
போய் என் கதிரையில் இருந்துகொண்டேன்.

ஆகவே பலகை.
ஆகவே றொபின்சன் வீட்டில் இரவல் வாங்கிய துளைக்கருவி.
நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கு இரண்டு, மேலுக்கு ஒன்று.
மேற்பலகையில் இரண்டு துளை,
நடுவில் வாளால் அறுத்தால் வாய்.
முதலில் வாய் சிறுத்துப் போனது.
இழுத்த தாள் பாதியில் கிழிந்து
பல்லி வால் மாதிரி விரலில் மிஞ்சியது.
பென்சிலில் அரத்தாள் சுற்றி
ஒரு மணித்தியாலம் தேய்த்தேன்.
அகன்றது, சொல்ல வேண்டியதைச்
சொல்லிவிடுகிற அளவுக்கு அல்ல,
ஒரு தாள் வருகிற அளவுக்கு.

பசை பூசி, சைக்கிள் ரியூப்பை வெட்டி
நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன்.
காலையில் அவிழ்த்தால்
மூன்று மூலை நேர். நாலாவது மூலைக்குள்
ஒரு முத்திரை நுழையும்.
அறுத்த தூளையே பசையில் குழைத்து அடைத்தேன்.
உறுதியில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும்.
வெளியே வாணிஸ். உள்ளே ஒன்றும் பூசவில்லை.
கப்பலில் வந்தபோது குத்திய கறுப்புக் குடையும்
மேல்நோக்கிய அம்பும்
உள்ளே அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

பாதர் ஆசீர்வதித்துப் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.
சுவரில் ஏற்கெனவே இரண்டு மணிக்கூடு,
இரண்டும் வேறு வேறு நேரம்.
கடதாசியைப் பிரித்தாள். புரட்டினாள்.
"இதுக்கு அடி எங்க?"
"அடி இல்லை. கவிழ்த்து வைக்கிறது."
"உள்ளுக்கு ஒண்டும் இல்லையே?"
ரிஷ்யூ வாங்க மறந்திருந்தேன்.
பெருவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டு போனவள்
நாலாவது மூலையில் நின்றாள்.
"இதிலை ஒரு பிழை கிடக்கு."
"ஓம். அது என்ரை பிழை.
உன்ரை இல்லை, ஜெசி. முதலே சொல்லியிருக்கோணும்."

பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று
பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.
அவள் அம்பைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
"றோல்ஸ் ஆறுது. எடு" என்றாள்.

திங்கள், எட்டரை மணி.
எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில்
அந்த மூடி இருந்தது. உள்ளே புதுப் பெட்டி.
பெரிய தொழிற்சாலைப் பெட்டிதான், பூப் போட்டது,
மூடியதால் பூத் தெரியவில்லை.
வரிசையில் நின்ற ஒருவர் வியர்வை துடைக்க
ஒரு தாளை இழுத்தார்.
அடுத்தது அரைவாசி எழும்பி நின்றது.

ஜெசிந்தா ஓர் உறுதியை என் பக்கம் தள்ளினாள்.
"பரப்பைச் சத்தமா வாசி."
வாசித்தேன்.
"இன்னொருக்கா."